ரெண்டு லேப்டாப், ஒரு கேபிள்: நெட் இல்லாமல் பழைய கேம் ஆடுவது எப்படி?



கனகம்மாசத்திரம் பக்கம் ஹாஸ்டலிலோ வாடகை ரூமிலோ தங்கிப் படிக்கிறவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சாயங்காலம் எல்லோரும் ஒரே நேரத்தில் போனைக் கையில் எடுத்தால் டேட்டா நொண்டியடிக்கும். ஆன்லைன் கேமில் பிங் 200-ஐத் தாண்டும். பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்திருக்கிற நண்பனைச் சுட, நம்ம தோட்டா எங்கேயோ இருக்கிற சர்வர் வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வரணும்.

ரெண்டு பேருக்கும் நடுவில் இருப்பது ஆறடி. அந்த ஆறடிக்கு எதுக்கு இவ்வளவு பெரிய சுற்று? பழைய கேம்கள் பலவற்றில் இந்தச் சுற்றே கிடையாது. ரெண்டு கணினியை நேரடியாக இணைத்து விடலாம். அதை எப்படிச் செய்வது, உள்ளே என்ன நடக்கிறது, வேலை செய்யவில்லை என்றால் எங்கே பார்ப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை. கேமுக்காகப் படிக்க ஆரம்பித்தாலும், முடிக்கும்போது கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் பாடத்தில் மனப்பாடம் பண்ணிய பல வார்த்தைகளுக்கு அர்த்தம் பிடிபடும்.

கொஞ்சம் வரலாறு

இந்த வழக்கம் இணையத்தைவிடப் பெரிய ஆள். 1973-இல் அமெரிக்காவின் நாசா ஏம்ஸ் ஆய்வு மையத்தில் இம்லாக் என்ற ரெண்டு கணினிகளை சீரியல் கேபிளால் இணைத்து 'மேஸ் வார்' ஆடினார்கள். ஒரு புதிர்ப்பாதைக்குள் ஒருவரை ஒருவர் தேடிச் சுடுவதுதான் ஆட்டம். 1987-இல் அடாரி எஸ்டி கணினிக்கு 'மிடி மேஸ்' வந்தது. இசைக்கருவிகளை இணைப்பதற்காக வைத்திருந்த மிடி போர்ட் வழியாக, 16 கணினிகள் வரை சங்கிலி போலக் கோத்து ஆடலாம். 1989-இல் நின்டெண்டோவின் கேம்பாய் வந்தபோது, ரெண்டு பேர் டெட்ரிஸ் ஆட லிங்க் கேபிள் இருந்தது.

பிறகு 1993 டிசம்பர் 10-ஆம் தேதி ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 'டூம்' வெளியிட்டது. சீரியல் கேபிளில் 2 பேர், லானில் 4 பேர் ஆடலாம். 1997-இல் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்', 1998-இல் 'ஸ்டார்கிராஃப்ட்', 'ஹாஃப்-லைஃப்'. அந்த ஹாஃப்-லைஃபின் மேல் மாற்றம் செய்து உருவானதுதான் 'கவுண்டர்-ஸ்டிரைக்'. நம்ம ஊர்ப் பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்குக் காசு கொடுத்து அண்ணன்மார்கள் ஆடியது பெரும்பாலும் இதையும் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸையும்தான்.

நம்ம மாவட்டத்துக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கி வைக்கப்பட்டது திருவள்ளூர் அருகே உள்ள காக்களூரில். பிரவுசிங் சென்டரில் மட்டும் பார்த்த கணினி வீட்டுக்கே வந்தது. வீட்டில் நெட் இருந்ததோ இல்லையோ, தெருவில் ரெண்டு லேப்டாப் இருந்தது. லான் ஆட்டத்துக்கு அதுவே போதும். அதற்கப்புறம் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு கடைசி பெஞ்சில் 'மினி மிலிஷியா' ஆடியது யாரென்று கேட்டால் வகுப்பில் பாதிக் கை தூக்கும். அதுவும் இதே குடும்பம்தான். கேபிளுக்குப் பதில் காற்று, அவ்வளவுதான்.

முதல் படி: கம்பி

போனில் பேசும்போது நம்ம வாய் எதிராளியின் காதுக்குப் போகணும். வாயும் வாயும் இணைந்தால் ரெண்டு பேரும் கத்துவார்கள், யாருக்கும் எதுவும் கேட்காது. கேபிளிலும் அதே கதை.

100 எம்பிபிஎஸ் ஈதர்நெட்டில் கணினியின் 1, 2-ஆம் பின்கள் அனுப்பும். 3, 6-ஆம் பின்கள் பெறும். ஸ்விட்சில் இது தலைகீழாக இருக்கும். அதனால் கணினிக்கும் ஸ்விட்சுக்கும் நடுவில் நேர் கேபிள் போதும். கணினியை நேரே கணினியோடு இணைத்தால் ரெண்டு பக்கமும் வாய்தான். அதற்குத்தான் கிராஸ்ஓவர் கேபிள். ஒரு முனையை 568-பி வரிசையில் கிரிம்ப் பண்ணுவோம்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. மறுமுனையில் ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் இடம் மாறும். அது 568-ஏ. இதனால் 1 போய் 3-இலும், 2 போய் 6-இலும் சேரும்.

இப்போது நிம்மதியான செய்தி. இன்றைய கிகாபிட் போர்ட்கள் கிட்டத்தட்ட எல்லாமே எது வாய், எது காது என்று தாங்களே கண்டுபிடித்து மாற்றிக்கொள்ளும். இதற்கு ஆட்டோ எம்டிஐ-எக்ஸ் என்று பெயர். அதனால் கடையில் கிடைக்கும் சாதாரண லான் கேபிளே போதும். ரெண்டில் ஒன்று புதிய லேப்டாப் என்றாலும் வேலை நடந்துவிடும். ரெண்டுமே ரொம்பப் பழசாக இருந்தால்தான் கிராஸ்ஓவர் தேவை. லேப்டாப்பில் லான் போர்ட்டே இல்லை என்றால் யுஎஸ்பி-லான் அடாப்டர் வாங்கிக்கொள்ளலாம்.

நீங்களே கிரிம்ப் பண்ணினால் ஒன்றைக் கவனியுங்கள். ஜோடிக் கம்பிகளின் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்காதீர்கள். அந்த முறுக்குதான் பக்கத்து ஜோடியின் சத்தம் நம்ம ஜோடிக்குள் வராமல் தடுக்கிறது. நீளம் 100 மீட்டர் வரை போகலாம். அடுத்த பிளாக் ரூமுக்குக்கூட எட்டும்.

இரண்டாம் படி: விலாசம்

கம்பி போட்டாச்சு, போர்ட்டில் விளக்கு எரிகிறது. ஆனால் யாருக்கு யார் என்று தெரியாது. வழக்கமாக ரவுட்டர்தான் டிஹெச்சிபி மூலம் ஐபி முகவரி கொடுக்கும். இங்கே ரவுட்டர் கிடையாது. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு விண்டோஸ் தானாகவே 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியை எடுத்துக்கொள்ளும். ரெண்டு பக்கமும் அப்படியே எடுத்துக்கொண்டால் அதிலேயே ஆடலாம். ஆனால் அந்த எண் நினைவில் நிற்காது, மாறவும் செய்யும். கையால் கொடுத்துவிடுவது நல்லது.

முதல் கணினி: 192.168.10.1
இரண்டாம் கணினி: 192.168.10.2
ரெண்டிலும் சப்நெட் மாஸ்க்: 255.255.255.0
கேட்வே, டிஎன்எஸ்: காலியாக விடுங்கள்.

கேட்வே ஏன் காலி? கேட்வே என்பது ஊரைவிட்டு வெளியே போகும் பாதை. நாம் ஊருக்குள்ளேயே இருக்கிறோம். மாஸ்க்கில் இருக்கும் மூன்று 255-க்கு என்ன பொருள் என்றால், முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருந்தால் ஒரே தெரு. கடைசி எண் கதவு இலக்கம். ஒருவர் 192.168.10.1, இன்னொருவர் 192.168.11.2 என்று கொடுத்தால் தெரு மாறிவிட்டது. கம்பி நேராக இருந்தாலும் பேச்சு இருக்காது.

இப்போது கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, முதல் கணினியிலிருந்து இரண்டாம் கணினியின் முகவரிக்கு பிங் கொடுத்துப் பாருங்கள். பதில் 1 மில்லி விநாடிக்கும் குறைவாக வரும். ஆன்லைனில் 200 பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது நம்பவே முடியாத எண்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? கணக்குப் போடுவோம். கண்ணாடி இழையிலும் செம்பிலும் சிக்னல் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. வேகத்தில் போகும். சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஐ2ஐ கடலடி கேபிளின் நீளம் சுமார் 3,200 கி.மீ. போக 16 மில்லி விநாடி, வர 16. மொத்தம் 32. நடுவில் ஒரு ரவுட்டர்கூடத் தாமதம் செய்யாவிட்டாலும் இதற்குக் கீழே போகவே முடியாது. இயற்பியல் விடாது. 5 மீட்டர் கேபிளில் ஒரு வழிக்கு ஆகும் நேரம் 25 நானோ விநாடி.

மூன்றாம் படி: கூவி அழைப்பது

கனகம்மாசத்திரம் பஸ் நிறுத்தத்தில் "திருவள்ளூர், பூந்தமல்லி!" என்று கண்டக்டர் கூவுவார். யார் பெயரையும் சொல்லி அழைப்பதில்லை. நிறுத்தத்தில் நிற்கிற எல்லோருக்கும் கேட்கும், வேண்டியவர் ஏறிக்கொள்வார். ஆனால் திருத்தணி நிறுத்தத்தில் நிற்கிறவருக்கு அது கேட்காது.

இதுதான் பிராட்காஸ்ட். லான் கேமில் ஒருவர் ஆட்டத்தைத் திறந்து வைத்ததும் மற்றவர் திரையில் அது தானாகவே தோன்றுவது இப்படிக் கூவுவதால்தான். ஒரே தெருவுக்குள் மட்டுமே கேட்கும், ரவுட்டரைத் தாண்டாது.

"பிங் வருது மச்சி, ஆனா கேம் லிஸ்ட்ல ஒண்ணுமே காட்டல" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இங்கேதான் விடை. ஒரு லேப்டாப்பில் லான் கார்டு, வைஃபை கார்டு, லேப் வேலைக்காகப் போட்ட விர்ச்சுவல்பாக்ஸின் பொய் கார்டு என்று மூன்று வாசல் இருக்கலாம். பழைய கேம் ஒரு வாசலில் மட்டும் நின்று கூவும். அது தப்பான வாசலாக இருந்தால் எதிராளிக்குக் கேட்காது. தீர்வு எளிது. ஆடும் நேரத்துக்கு மட்டும் மற்ற அடாப்டர்களை டிசேபிள் செய்யுங்கள். ஐபி முகவரியை நேரடியாக டைப் செய்து சேரும் வசதி கேமில் இருந்தால் இன்னும் நல்லது. கூவவே வேண்டாம், பெயர் சொல்லியே அழைக்கலாம்.

பிராட்காஸ்ட்டை அளவில்லாமல் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் டூம்தான் பாடம். முதல் பதிப்பில் ஆட்டத்தின் எல்லாப் பாக்கெட்டுகளும் பிராட்காஸ்ட்டாகவே போயின. நான்கு பேர் ஆட, அந்த நெட்வொர்க்கில் இருந்த அத்தனை கணினிகளும் ஒவ்வொரு பாக்கெட்டையும் எடுத்துப் பார்த்துத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. அலுவலகங்களும் பல்கலைக்கழகங்களும் டூமுக்குத் தடை போட்டன. 1994-இல் வந்த 1.2 பதிப்பில்தான் இது சரியானது.

நான்காம் படி: காவல்காரர்

கேட்வே இல்லாத இணைப்பை விண்டோஸ் "அடையாளம் தெரியாத நெட்வொர்க்" என்று சொல்லி, பப்ளிக் வகையில் போட்டுவிடும். பப்ளிக் என்றால் ஃபயர்வால் ரொம்பக் கறாராக இருக்கும். பிங்குக்குக்கூடப் பதில் தராது. அதனால் பிங் வரவில்லை என்றவுடனே கேபிளைக் குறை சொல்லாதீர்கள்.

பலரும் இங்கே ஃபயர்வாலை மொத்தமாக அணைத்துவிடுவார்கள். ஆட்டம் முடிந்ததும் மறுபடி போட மறந்துவிடும். மறுநாள் பொது வைஃபையில் இணையும்போது வாசல் திறந்தே கிடக்கும். சரியான வழி, ஃபயர்வாலில் அந்த ஒரு கேமுக்கு மட்டும் அனுமதி கொடுப்பது. கவுண்டர்-ஸ்டிரைக் 1.6 என்றால் யுடிபி 27015 போர்ட். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸின் பழைய பதிப்புகள் என்றால் டிசிபி 47624, கூடவே 2300 முதல் 2400 வரை டிசிபி, யுடிபி ரெண்டும்.

ஐந்தாம் படி: மறந்துபோன மொழி

நம்ம எல்லைப் பகுதியில் தமிழும் கேட்கும், தெலுங்கும் கேட்கும். ரெண்டும் தெரிந்தவருக்குச் சிக்கல் இல்லை. ஒன்று மட்டும் தெரிந்த ரெண்டு பேர் எதிரெதிரே நின்றால், காது நன்றாக இருந்தும் பேச்சு ஓடாது. டூம் காலத்துக் கேம்கள் பேசியது ஐபி இல்லை, நாவெல் நிறுவனத்தின் ஐபிஎக்ஸ். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து அந்த மொழியையே மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. அதனால் உங்கள் பிங் பிரமாதமாக வந்தாலும் அந்தக் கேமில் லான் வேலை செய்யாது.

இதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவை. டாஸ் கேம் என்றால் டாஸ்பாக்ஸிலேயே அது இருக்கிறது. செட்டிங் கோப்பில் ஐபிஎக்ஸை ட்ரூ என்று மாற்றுங்கள். ஒரு கணினியில் 'ஐபிஎக்ஸ்நெட் ஸ்டார்ட்சர்வர்', இன்னொன்றில் 'ஐபிஎக்ஸ்நெட் கனெக்ட்' என்று போட்டு, அதன் பின்னால் முதல் கணினியின் ஐபி முகவரி. முடிந்தது. கேம் ஐபிஎக்ஸ் பேசுவதாக நினைத்துக்கொண்டிருக்கும், டாஸ்பாக்ஸ் அதை யுடிபியில் சுற்றி அனுப்பும். பழைய விண்டோஸ் கேம்களுக்கு 'ஐபிஎக்ஸ்ராப்பர்' என்ற இலவச மென்பொருள் இதே வேலையைச் செய்கிறது.

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் போன்றவைக்கு டைரக்ட்பிளே வேண்டும். விண்டோஸ் 10-இல் அது இருக்கிறது, ஆனால் தூங்கிக்கொண்டிருக்கும். விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலில் 'லெகசி காம்போனென்ட்ஸ்' என்பதற்குள் போய் டிக் அடித்தால் எழுந்துவிடும்.

உள்ளே என்ன ஓடுகிறது?

இப்போது சுவாரசியமான கேள்வி. ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இல் 8 பேர், ஆளுக்கு 200 வீரர்கள். மொத்தம் 1,600. ஒவ்வொரு வீரனின் இடம், திசை, உயிர் அளவு ஆகியவற்றுக்கு 12 பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 10 முறை அனுப்பினால் 1,92,000 பைட். அந்தக் காலத்து 28.8 மோடம் நொடிக்கு 3,600 பைட் தாண்டாது. ஐம்பது மடங்குக்கு மேல் பற்றாக்குறை. அப்புறம் எப்படி ஆடினார்கள்?

வீரர்களின் நிலையை அனுப்பவே இல்லை. கட்டளையை மட்டும் அனுப்பினார்கள். "இந்த 40 வில்லாளிகள் அந்த இடத்துக்குப் போகட்டும்" என்ற ஒரு வரி போதும். அதைப் பெற்ற ஒவ்வொரு கணினியும் முழுப் போரையும் தானே கணக்குப் போடும். எல்லோரும் ஒரே நிலையில் தொடங்கி, ஒரே கட்டளைகளை ஒரே வரிசையில் செய்தால், முடிவும் ஒன்றாகவே இருக்கும். இதற்கு லாக்ஸ்டெப் என்று பெயர். அந்தக் கேமை எழுதிய பால் பெட்னரும் மார்க் டெரானோவும் 2001-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார்கள். நிலையை அனுப்பியிருந்தால் 250 நகரும் வீரர்களோடு நிறுத்த வேண்டியிருந்திருக்கும் என்பது அவர்கள் கணக்கு.

டூமும் இதே வழிதான். நொடிக்கு 35 முறை, ஒவ்வொரு ஆட்டக்காரரின் அசைவையும் 8 பைட்டில் அடக்கி அனுப்பும். 35 பெருக்கல் 8, நொடிக்கு 280 பைட். 9,600 வேக சீரியல் கேபிள் நொடிக்குச் சுமார் 960 பைட் தாங்கும். தாராளமாக இடம் இருக்கிறது.

இந்த முறைக்கு ஒரு விலை உண்டு. ரெண்டு கணினியிலும் கேம் பதிப்பு அச்சு அசலாக ஒன்றாக இருக்கணும். ஒரு எண் பிசகினாலும் ஒருவர் திரையில் கோட்டை இடிந்திருக்கும், மற்றவர் திரையில் நின்றுகொண்டிருக்கும். அப்போதுதான் "அவுட் ஆஃப் சிங்க்" என்ற செய்தி வரும். இன்னொன்று, ஒருவர் லேப்டாப் திணறினால் எல்லோரும் காத்திருக்க வேண்டும்.

கவுண்டர்-ஸ்டிரைக் வேறு வழி. அங்கே ஒரு கணினி சர்வர். அது சொல்வதே தீர்ப்பு. மற்றவர்கள் தங்கள் அசைவைச் சொல்லுவார்கள், சர்வர் நிலையைத் திருப்பிச் சொல்லும். ஒருவர் திணறினால் அவருக்கு மட்டுமே பாதிப்பு. ஆனால் சர்வர் ஓடும் கணினியில் ஆடுகிறவருக்குத் தாமதமே கிடையாது என்பதால் சின்னச் சண்டை வரத்தான் செய்யும். கேபிளில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, வைஃபையில் தெரியும்.

மூணு பேருக்கு மேல் என்றால்?

ஒரு 5 போர்ட் அல்லது 8 போர்ட் ஸ்விட்ச் வேண்டும். முகவரியில் கடைசி எண்ணை 3, 4, 5 என்று கொடுத்துக்கொண்டே போகலாம். ஒரே எச்சரிக்கை: ஒரு கேபிளின் ரெண்டு முனையையும் அதே ஸ்விட்சில் செருகிவிடாதீர்கள். ஒரு பிராட்காஸ்ட் பாக்கெட் அந்த வளையத்தில் சுற்றிச் சுற்றிப் பெருகி மொத்த நெட்வொர்க்கையும் அடைத்துவிடும். கல்லூரி நெட்வொர்க்கில் இந்தப் பரிசோதனை வேண்டவே வேண்டாம்.

ஸ்விட்ச் இல்லையா? ஒரு போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு ஹாட்ஸ்பாட் மட்டும் போடுங்கள். எல்லோரும் அதில் சேர்ந்தால் ஒரு ரூபாய் டேட்டாகூடச் செலவாகாது. கல்லூரி வைஃபையில் மட்டும் இது பெரும்பாலும் நடக்காது. ஒரு பயனரை இன்னொருவர் பார்க்க முடியாதபடி அங்கே தடுத்து வைத்திருப்பார்கள். அது பாதுகாப்புக்காக, அதைச் சுற்றி வர முயற்சி செய்ய வேண்டாம்.

இது ஏன் முக்கியம்?

2010-இல் வந்த ஸ்டார்கிராஃப்ட் 2-இல் லான் வசதியே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஆடினாலும் நிறுவனத்தின் சர்வர் வழியாகத்தான் சேரணும். 2014 மே 31-இல் கேம்ஸ்பை என்ற சேவை மூடப்பட்டபோது, அதை நம்பியிருந்த நிறையக் கேம்களின் ஆன்லைன் ஆட்டம் பாதிக்கப்பட்டது. காசு கொடுத்து வாங்கிய சிடி கையில் இருக்கும், ஆடக் கூட்டாளியும் இருப்பான், நடுவில் இருந்தவர் கடையை மூடிவிட்டார். ஆனால் லான் வசதி இருந்த 1993-ஆம் ஆண்டு டூமை இன்றைக்கும் ரெண்டு லேப்டாப்பில் ஆடலாம். கரண்ட் போனாலும் பேட்டரி இருக்கும்வரை ஓடும்.

இதைக் கேமோடு நிறுத்த வேண்டாம். ஆன்லைன் சேவை இல்லாமல் கணினிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் என்று தெரிந்தவர், ப்ராஜெக்ட் கோப்பை அனுப்பக்கூட நெட்டைத் தேட மாட்டார். அதே கேபிளில் போல்டரை ஷேர் செய்துவிடுவார். பிளேஸ்மென்ட் இன்டர்வியூவில் "ரெண்டு கணினியை நேராக இணைத்திருக்கிறீர்கள், பேசவில்லை, எங்கே பார்ப்பீர்கள்?" என்று கேட்டால் கீழேயிருந்து மேலே சொல்லுங்கள்: போர்ட் விளக்கு, ஐபி, மாஸ்க், பிங், ஃபயர்வால், எந்த அடாப்டர், எந்த மொழி, ஒரே பதிப்பா. திருத்தணி மலைக்குப் படியேறுகிற மாதிரிதான். கீழ்ப்படியை விட்டுவிட்டு மேல்படிக்குத் தாவ முடியாது.

தொடங்குவதற்கு யாரிடமும் பென்டிரைவில் திருட்டுக் காப்பி வாங்க வேண்டாம். கேமோடு வைரஸும் வரும். 'ஃப்ரீடூம்', 'ஓபன்ஆர்ஏ', '0 ஏ.டி.', 'எக்சோனாடிக்' எல்லாமே இலவசம், எல்லாவற்றிலும் லானில் ஆடலாம். '0 ஏ.டி.' பார்த்தால் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஆடியவர்களுக்கு உடனே கை பழகிவிடும்.

இந்த வாரக் கடைசியில் ஒரு கேபிளை எடுங்கள். முதலில் பிங், அப்புறம் கேம். எந்தப் படியில் நின்றுபோனது, எப்படிச் சரி செய்தீர்கள் என்று நம்ம இதழுக்கு எழுதி அனுப்புங்கள். அடுத்த செட் ஜூனியர்களுக்கு உதவும்.